முப்பது டிகிரி ஊரில் இருபது டிகிரி அளவு

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே வந்தால் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் முஸ்தஃபா பேரங்காடி. ஞாயிறு மாலைகளில் தேக்கா சந்தை வரைக்கும் மனிதத் தலைகள்தான். அந்தக் கூட்டத்தில் கட்டடத் தொழிலாளர்களும் கப்பல் பட்டறைக்காரர்களும் உண்டு. அவர்களோடு, விரல் நுனிகளில் கூலன்ட் வாசம் போகாத சிலரும் நிற்பார்கள். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களில் உலோகம் கடைபவர்கள் அவர்கள். அப்படி ஒருவன், ஓவன் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி, டீக்கடை வாசலில் வைத்து என்னிடம் ஒரு கேள்வியை இறக்கி வைத்தான். கேள்வி அவனுடையது அல்ல, அவன் அம்மாவுடையது.

“கம்ப்யூட்டர் மிஷின்தானே எல்லாம் பண்ணுது, நீ பக்கத்துல நின்னு என்னடா பண்றேன்னு கேக்கறாங்ண்ணா. என்ன சொல்றதுன்னு தெரியல.”

நியாயமான கேள்விதான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயந்திரம் தானாகச் சுழல்கிறது, தானாக வெட்டுகிறது, தானாக நிற்கிறது. வேண்டிய அளவெல்லாம் எண்களாக அதன் நினைவில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் வரைக்கும் நகரத் தெரிந்த இயந்திரம் அது. தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரான் போல இருக்கும். இத்தனை நுட்பம் தெரிந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் எதற்கு?

“நீ என்னதான் பண்றே, அதைச் சொல்லு முதல்ல” என்றேன்.

“ஆற வெக்கறேங்ண்ணா” என்றான்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

கடைவது

தயிரைக் கடைவதற்கும் உலோகத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். கயிற்றைச் சுற்றி இழுத்தால் மத்து சுழலும். பழைய மரக் கடைசல்காரர்களும் கயிற்றை இழுத்துத்தான் மரத்தைச் சுழற்றி, உளியை அண்டக் கொடுத்தார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புகள் உருவானதும் கடைசலில்தான். கோவை கணபதியில் தெருவுக்குத் தெரு இருக்கும் பட்டறைகளில் இன்றும் ‘கடைசல் பிடிக்கிறது’ என்றுதான் பேச்சு. லேத் என்பது அதே வேலையை இரும்புக்குச் செய்யும் இயந்திரம். பொருள் சுழல, டூல் சுழலாமல் நெருங்கி வந்து சீவும்.

இந்த வேலையில் இரண்டு பெயர்கள் உண்டு. செட்டர் இயந்திரத்தை ஒரு வேலைக்குத் தயார்ப்படுத்துபவர். சக்கில் பொருளைப் பிடிக்கும் தாடைகளைப் பொருத்துவது, டூல்களை மாட்டுவது, ஒவ்வொரு டூலின் நுனியும் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது, முதல் பீஸை ஓட்டி அளந்து திருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பின் பீஸ் பீஸாக ஓட்டுபவர் ஆபரேட்டர். சிறிய பட்டறைகளில் இரண்டு வேலைக்கும் ஒரே ஆள்தான்.

டூலின் நுனி எங்கே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. டூலைப் பிடித்திருக்கும் டரட் எங்கே நிற்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். ஆனால் வெட்டுவது டரட் அல்ல, அதிலிருந்து நீண்டிருக்கும் நுனி. அந்த நுனி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எனவே செட்டர் பொருளை மெல்ல ஒரு சீவு சீவி, நிறுத்தி, விட்டத்தை அளந்து, அந்த எண்ணைத் திரையில் ஏற்றுகிறார். ஆஃப்செட் என்று பட்டறையில் சொல்லும் இதை நாம் ஈடு என்று வைத்துக்கொள்வோம். கண் தெரியாதவர் கைத்தடியின் நீளத்தைப் பழகிக்கொள்வது போல, இயந்திரம் தன் டூலின் நீளத்தை ஈட்டின் மூலம் தெரிந்துகொள்கிறது. அப்படியானால் அளந்தவர் எந்த நிலையில் அளந்தார் என்பதும் அந்த எண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தத் திடலின் மேல் பறந்தது

டீக்கடையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபேரர் பார்க் திடல். பக்கத்திலிருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்குக் காரணம் இங்கே இருந்த குதிரைப் பந்தய மைதானம். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. அதற்கு முன்பு, 1911 மார்ச்சில், பெல்ஜியத்துக்காரரான ஜோசஃப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூர் கண்ட முதல் விமானத்தை இந்த மைதானத்திலிருந்துதான் ஓட்டினார். அது மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக இருந்த பிரிஸ்டல் பாக்ஸ்கைட்.

அந்த வகை விமானங்களில் வழக்கமாக இருந்தது பிரான்சின் நோம் என்ஜின். 7 சிலிண்டர், 50 குதிரைத்திறன். அதன் சிலிண்டர்கள் அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொன்றும் திட எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது, சுவரின் தடிமன் வெறும் 1.5 மி.மீ. எஃகில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழுந்தது. எடை குறைந்ததால்தான் விமானம் மேலே எழும்பியது. கணினி கிடையாது, இன்றைய டூல்கள் கிடையாது. யாரோ ஒரு கடைசல்காரர் மேலாக ஒரு சீவு சீவி, கை வைத்துப் பார்த்து, ஆற விட்டு, அளந்து, மறுபடி சீவியிருப்பார். விமானியின் பெயர் நம்மிடம் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

இப்போது இதே தீவின் வடக்கே செலேத்தாரில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பெரிய ஜெட் என்ஜின்களுக்கு உள்ளீடற்ற டைட்டானிய விசிறி இதழ்கள் செய்கிறது. தீவெங்கும் சிறு பட்டறைகளில் விமானப் பாகங்கள் கடையப்படுகின்றன. டீக்கடைத் தம்பி செய்வதும் அவ்வகை வேலைதான்.

வெற்றிலைக் கட்டு

ஆற வைக்கும் அளவுக்கு உலோகம் ஏன் சூடாகிறது? உரசுவதால் என்று சொல்லிவிடத் தோன்றும். அது பாதி உண்மைதான்.

தேக்காவில் வெற்றிலை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த அடுக்கைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். இலைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிச் சாயும். டூலின் நுனிக்கு முன்னால் உலோகத்துக்கு நடப்பது அதுதான். விறகு பிளப்பது போல உலோகம் பிளப்பதில்லை. மெல்லிய அடுக்கு அடுக்காகச் சறுக்கி, மேலே ஏறி, சீவலாகச் சுருள்கிறது. அதனால்தான் சீவலை எடுத்து அளந்தால், வெட்டிய ஆழத்தை விடத் தடிமனாகவும் வெட்டிய தூரத்தை விட நீளம் குறைவாகவும் இருக்கும். அதில் மாயம் ஏதும் இல்லை, தள்ளப்பட்ட அடுக்கு நசுங்கிக் குட்டையாகிறது.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பத்து முறை வளைத்துவிட்டு, வளைத்த இடத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். வளைத்த உழைப்பு வெப்பமாகிவிட்டது. டூலுக்கு முன்னால் அந்த வளைப்பு நொடிக்கு நொடி இடைவிடாமல் நடக்கிறது. அதோடு, ஏறி வரும் சீவல் டூலின் முகத்தில் தேய்த்துக்கொண்டு போவதால் பிறக்கும் வெப்பமும் சேர்கிறது.

வெப்பம் என்பது என்ன என்று மனிதருக்குப் புரியத் தொடங்கியதும் ஒரு கடைசல் பட்டறையில்தான். ரம்ஃபோர்டு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் மியூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய் துளைப்பதை மேற்பார்த்தார். வெப்பம் என்பது பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. அப்படியானால் துளைக்கத் துளைக்க அந்தத் திரவம் தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? ரம்ஃபோர்டு வேண்டுமென்றே மழுங்கிய துளைப்பானை எடுத்து, பீரங்கியைத் தண்ணீருக்குள் வைத்து, குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. தீயே இல்லாமல் கொதித்த தண்ணீரைச் சுற்றி நின்றவர்கள் வியந்து பார்த்தார்கள். குதிரை நடக்கும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராத ஒன்று பொருளாக இருக்க முடியாது, இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798இல் எழுதினார்.

நீலச் சீவல்

எஃகு கடையும் செட்டர் ஒருவர் கதவுக் கண்ணாடி வழியே உற்றுப் பார்ப்பது சீவலின் நிறத்தைத்தான். வெள்ளி நிறத்தில் இருந்தால் வெப்பம் குறைவு. வைக்கோல் நிறம் என்றால் 220 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஆழ்ந்த நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. மழை நாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுமே, அதே காரணம்தான். சுட்ட எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகிறது. படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றையொன்று சில நிறங்களில் அழித்துக்கொள்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது.

பார்த்தால் பயமாக இருக்கும் இந்த நீலம் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். வேகமாக வெட்டும்போது வெப்பத்தின் பெரும் பங்கு சீவலோடு வெளியேறிவிடும், பொருளுக்குள் இறங்க அதற்கு நேரமில்லை. ஆனாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நம் கதையின் வில்லன்.

20 டிகிரி யார் வைத்தது

சூடானால் உலோகம் விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தண்டவாள இடைவெளி, திறக்க மறுக்கும் பாட்டில் மூடியைச் சுடுநீரில் காட்டுவது என்று எடுத்துக்காட்டுகளும் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. எல்லா உலோகமும் எப்போதும் விரிந்துகொண்டும் சுருங்கிக்கொண்டும் இருந்தால், ‘இது 180 மி.மீ.’ என்பதற்கு என்ன பொருள்? காலையிலா, மதியத்திலா? ஜெர்மனியின் குளிர்காலத்திலா, சிங்கப்பூரின் ஏதோ ஒரு நாளிலா?

பதில் ஒப்பந்தமாகத்தான் வர முடியும். பழைய மீட்டர் பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில் வரையறுக்கப்பட்டது. ஆங்கிலேயரின் கஜம் 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவில். எந்தப் பட்டறையும் பனிக்கட்டி வெப்பத்தில் வேலை செய்வதில்லை.

சுவீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1896இல் ஒரு யோசனை கண்டார். கண்ணாடி போல மழமழப்பாக்கிய எஃகுக் கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து எந்த நீளத்தையும் உருவாக்கலாம். 102 கட்டைகளில் 20,000 அளவுகள். மனைவியின் தையல் இயந்திரத்தையே மாற்றியமைத்து அவற்றை வீட்டில் தேய்த்தார் என்பார்கள். அந்தக் கட்டைகளை அவர் 20 டிகிரிக்கு அளவிட்டார். மனிதர் சட்டையோடு வசதியாக நின்று வேலை செய்யும் வெப்பநிலை அது. கட்டைகள் உலகமெங்கும் பரவியபோது 20 டிகிரியும் கூடவே பரவியது. 1931 ஏப்ரலில் அளவைகளுக்கான பன்னாட்டுக் குழு அதையே ஏற்றது. பின்னாளில் பன்னாட்டுத் தர அமைப்பு தன் தர ஆவணங்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோது, ஒன்றாம் எண் பெற்றது இந்த 20 டிகிரிதான்.

ஆக, இன்று உலகில் எந்த வரைபடத்தில் எந்த அளவு எழுதியிருந்தாலும், ‘20 டிகிரியில்’ என்ற சொல் அதில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 என்று ஏறும். இரவிலும் 23க்குக் கீழே இறங்குவது அரிது. வருடத்தில் ஒரு நாள்கூட இந்த ஊரின் காற்று 20 டிகிரியில் நிலைத்து நிற்பதில்லை. இங்கே அளக்கும் ஒவ்வொருவரும் வேறொரு தட்பவெப்பத்துக்கு மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே அளக்கிறார்.

ஒரு வளையம்

தம்பி சொன்ன வேலையை அப்படியே எடுத்துக்கொள்வோம், எண்களை மட்டும் எளிமையாக்கியிருக்கிறேன். ஓர் அலுமினிய வளையம். வெளிவிட்டம் 180 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, 179.970க்குக் கீழே இறங்கக்கூடாது. இந்த 30 மைக்ரான் இடைவெளிதான் பொறுதி. சொன்ன அளவிலிருந்து எவ்வளவு விலகினால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற எல்லை அது. பட்டறையில் டாலரன்ஸ்.

நல்ல செட்டர் நடுவைக் குறிவைப்பார்: 179.985. பட்டறையில் வெப்பம் 30 டிகிரி. வளையமும் அதை அளக்கும் மைக்ரோமீட்டரும் அதே 30 டிகிரியில் ஒரு மணி நேரமாக இருக்கின்றன. அளக்கிறார். 179.985 என்றே காட்டுகிறது. கச்சிதம்.

மறுநாள் 20 டிகிரி குளிரூட்டிய தரச் சோதனை அறையில் அதே வளையத்தை அளக்கிறார்கள். 179.965. எல்லைக்கு 5 மைக்ரான் கீழே. ரிஜெக்ட்.

யார் தவறு? மைக்ரோமீட்டர் சரியானது. செட்டர் கவனமானவர். வளையத்தை யாரும் தேய்க்கவில்லை.

மெதுவாகக் கணக்குப் பார்ப்போம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் வளரும். 180 மி.மீ.க்கு அது 4 மைக்ரானுக்குச் சற்று மேல். 10 டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரான். எனவே பட்டறையில் இருந்த வளையம், சோதனை அறையில் இருக்கப்போகும் வளையத்தை விட 41 மைக்ரான் பெரியது. அப்படியானால் 41 மைக்ரான் அல்லவா குறைந்திருக்க வேண்டும், ஏன் 20 மட்டும் குறைந்தது?

ஏனென்றால் மைக்ரோமீட்டரும் உலோகம்தான். அது எஃகு. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் வளரும், அலுமினியத்தில் பாதி. அளக்கும் கருவியே 21 மைக்ரான் நீண்டு போயிருந்தது. நீண்ட அளவுகோலால் அளந்தால் பொருள் குட்டையாகத் தெரியும். வளையத்தின் 41 மைக்ரான் வளர்ச்சியில் 21ஐக் கருவியின் வளர்ச்சி மறைத்துவிட்டது. மறைக்க முடியாமல் மிஞ்சியது 20.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த வளையம் அலுமினியமாக இல்லாமல் எஃகாக இருந்திருந்தால்? பொருளும் கருவியும் ஒரே அளவு வளர்ந்திருக்கும். 30 டிகிரியில் அளந்தாலும் 40 டிகிரியில் அளந்தாலும், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும் வரை மைக்ரோமீட்டர் உண்மையையே சொல்லியிருக்கும். வருடக்கணக்காக எஃகு மட்டும் கடைந்த ஒருவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. முதல் அலுமினிய வேலை வரும் நாளில்தான் தரை காலுக்கடியில் நகரும். தம்பிக்கு நடந்ததும் அதுதான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 40 வளையங்கள் குப்பைக்குப் போயின. காரணம் என்னவென்று அன்றைக்கு யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, கவனமில்லாதவன் என்றுதான் சொன்னார்கள். அவன் தானாகவே, இரவு அறையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, இந்த 20 மைக்ரானைக் கண்டுபிடித்தான். அதைச் சொன்னபோது அவன் குரலில் இருந்த பெருமிதம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியானால் 30 டிகிரிப் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்ன காட்ட வேண்டும்? 180.005. வரைபடத்தின் மேல் எல்லையைத் தாண்டிய எண்! பக்கத்தில் நிற்கும் புதியவர் ‘அண்ணே, ஓவர் சைஸ்’ என்று பதறுவார். ஆனால் 20 டிகிரிக்குப் போனதும் அந்த வளையம் சரியாக 179.985இல் போய் உட்காரும். கருவி தவறு என்று காட்டும்போது பொருள் சரியாக இருக்கிறது.

இது எல்லாம் ஆறிய வளையத்தின் கணக்கு. அப்போதுதான் சக்கிலிருந்து இறக்கிய வளையம் 38 டிகிரியில் இருந்தால் இன்னொரு 8 டிகிரிக்கு 33 மைக்ரான் சேரும். மொத்தப் பொறுதியே 30தான்! கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வெதுவெதுப்புக்குள் ஒரு பீஸின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. அதனால்தான் தம்பி வளையத்தைக் கனமான வார்ப்பிரும்புப் பலகையின் மேல் படுக்க வைக்கிறான். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். பலகை அதை இழுத்துக்கொள்ளும். மைக்ரோமீட்டரின் வளைவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடும் அழகுக்காக அல்ல. உள்ளங்கையின் சூடு எஃகுக்குள் இறங்காமல் இருப்பதற்கு.

தேயும் மூக்கு

வெட்டும் நுனி இன்செர்ட் எனப்படும் சிறு கார்பைடு வில்லை. டங்ஸ்டன் கார்பைடுத் துகளைக் கோபால்ட்டால் பிணைத்துச் சுட்டது. எவ்வளவு கடினமானாலும் அதன் மூக்கு தேயும். மூக்கு 5 மைக்ரான் தேய்ந்தால் வெளிவிட்டம் 10 மைக்ரான் பெரிதாகும், ஏனென்றால் சுழலும் பொருளில் இரு பக்கமும் 5, 5 மிஞ்சிவிடுகிறது. உள்துளை குடைந்தால் நேர்மாறாக, துளை சிறுக்கும். பீஸ்களின் அளவு சிறிது சிறிதாக ஒரே திசையில் ஏறுவதைக் கவனித்து, செட்டர் ஈட்டில் சில மைக்ரான்களைக் கழித்துக்கொண்டே வருவார்.

சிரமம் எங்கே என்றால், தேய்மானமும் வெப்பமும் ஒரே நேரத்தில் பேசும். அளவு 10 மைக்ரான் ஏறியிருக்கிறது. மூக்கு தேய்ந்ததா, இல்லை பீஸ் இன்னும் ஆறவில்லையா? தேய்ந்தது என்று நினைத்துத் திருத்தினால், உண்மையில் சூடாக இருந்த பீஸ் ஆறியபின் குறைந்துபோகும். அடுத்த பீஸும் கெடும். கேள்வி ஒன்று, பதில் இரண்டு, எண் ஒரே மாதிரி. எத்தனை உணர்கருவி பொருத்தினாலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை யாரிடமாவது இருந்தாக வேண்டும்.

இயந்திரமும் சும்மா இருப்பதில்லை. சுழலச் சுழல, பொருளைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில் சூடேறி நீள்கிறது. டரட்டை நகர்த்தும் மரையாணியும் நீள்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்தால் ஆறியிருக்கும், முதல் பீஸ் வேறு அளவில் வரும். வார விடுமுறைக்குப் பின் இன்னும் மோசம்.

டீ குடித்து முடிந்து, தம்பி கிளம்பும்போது அம்மாவுக்கு என்ன பதில் சொல்லப் போகிறான் என்று கேட்டேன்.

“இட்லி வெந்திருச்சான்னு குண்டானுக்குத் தெரியாதில்லீங்ண்ணா, அம்மாவுக்குத்தானே தெரியும். அப்படிச் சொல்லிப் பாக்கறேன்.”

மறுநாள் திங்கள். காலை ஷிஃப்டுக்கு அரை மணி முன்னாலேயே போய்விட வேண்டும் என்றான். எதையும் வெட்டாமல் ஸ்பிண்டிலை 20 நிமிடம் வெறுமனே சுழல விடுவான். மைக்ரோமீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, வார்ப்பிரும்புப் பலகையின் மேல், சனிக்கிழமை மிச்சம் வைத்த வளையத்துக்குப் பக்கத்தில் படுக்க வைப்பான்.